இணைய வியாபாரத்தில் நம்பிக்கை சம்பாதிப்பது எப்படி: முதல் விளம்பரத்துக்கு முன்பிருந்து முதல் புகாருக்குப் பிறகு வரை

புதிதாக இணையத்தில் விற்க வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழ் வரிசையில் வேலை செய்கிறார்கள். முதலில் விளம்பரம், பிறகு ஆர்டர், அதன்பின் முதல் சண்டை, சண்டை முடிந்தபின் ரீஃபண்ட் விதி. அப்போது எழுதும் விதியை யாரும் நம்புவதில்லை. கோபத்தில் இருக்கும் ஒருவரை மடக்குவதற்காகவே எழுதியது போலத் தெரியும்.

அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். பொருள் விற்பவர், சேவை விற்பவர், பிறர் பொருளைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்குபவர் என மூவருக்கும் இது பொருந்தும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பதில் சொல்லும் பொறுப்பு யாருடையது என்று ஒரு பெயர் முடிவாகியிருக்க வேண்டும். "நாங்கள் எல்லோரும் பார்ப்போம்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

உங்கள் சொந்த டொமைனில் (உங்கள் கடையின் இணையப் பெயரில்) ஒரு இமெயில் முகவரி வேண்டும். உண்மையிலேயே யாராவது எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும். எடுக்க ஆள் இல்லையென்றால் எண்ணைப் போடவே வேண்டாம். எண் இல்லாத கடையை மன்னிக்கிறவர்கள்கூட, மணி அடித்துக்கொண்டே இருக்கும் எண்ணை மன்னிப்பதில்லை.

திருப்பி அனுப்பும் விதி, ரீஃபண்ட் விதி, டெலிவரி விதி மூன்றும் ஒரே பக்கத்தில், உங்கள் வாடிக்கையாளர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். வேறு கடையிலிருந்து நகலெடுத்த விதிகளில் அந்தக் கடையின் பெயர் எங்கோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்க்கலாம். அதைக் கண்டுபிடிப்பவர் நிச்சயமாக உங்களிடம் கோபமாக வந்தவராகத்தான் இருப்பார்.

கடைசியாக, புகார்களைக் குறித்துவைக்க ஒரு எளிய ஷீட். தேதி, ஆர்டர் எண், என்ன பிரச்சினை, என்ன வாக்குக் கொடுத்தோம், எப்போது முடிந்தது: ஐந்து நெடுவரிசைகள் போதும்.

1. வாக்குறுதிகளைப் பட்டியலிட்டு, முடியாததை வெட்டுங்கள்

உங்கள் பக்கம், விளம்பரம், ப்ரொஃபைல் ஆகியவற்றில் உள்ள ஒவ்வொரு உறுதிமொழியையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விகள்: இதைச் செய்யப்போவது யார்? யாராவது கேட்டால் எதைக் காட்டுவோம்? பதில் இல்லாத வரியை அடியுங்கள். "நம்பர் ஒன்", "100 சதவீதத் தரம்", "24 மணி நேரச் சேவை" ஆகிய மூன்றும் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே போய்விடும்.

டெலிவரி நாளைச் சொல்லும்போது வழக்கமான நாளைச் சொல்லாதீர்கள், தாமதமானால் ஆகும் நாளைச் சொல்லுங்கள். சாதாரணமாக 5 நாளில் போய்ச் சேர்கிறது, சில சமயம் 8 ஆகிறது என்றால் 8 என்று எழுதுங்கள். 8 என்று சொல்லி 5-ல் கொடுத்தால் மகிழ்ச்சி. 5 என்று சொல்லி 6-ல் கொடுத்தால் புகார். பொருள் ஒன்றுதான், மாறியது நீங்கள் சொன்ன எண் மட்டுமே.

"இன்னும் 3 மட்டுமே உள்ளது", "சலுகை முடிய 14 நிமிடம்" போன்றவை உண்மையாக இருந்தால் மட்டும் இருக்கட்டும். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்ததும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும் டைமரை வாங்குபவர்கள் சோதித்துப் பார்க்கிறார்கள். அது பொய் என்று தெரிந்த நொடியில், பக்கத்தில் உள்ள உண்மையான வரிகளும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

2. பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லுங்கள்

பிறர் பொருளைப் பரிந்துரைப்பவர்களுக்கு இது மிக முக்கியம். கமிஷன் லிங்க், இலவசமாக வந்த பொருள், பணம் வாங்கி எழுதிய பதிவு, நிறுவனத்தில் உறவினர் வேலை பார்ப்பது: இவை நான்கும் சொல்லப்பட வேண்டியவை. "இலவசமாகத்தானே வந்தது, பணம் வாங்கவில்லையே" என்ற வாதம் எடுபடாது. விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்டிசியின் வழிகாட்டுதல் இலவசப் பொருளையும் அறிவிக்க வேண்டிய தொடர்பாகவே கருதுகிறது.

எங்கே சொல்வது? லிங்க் வருவதற்கு முன்னால், பதிவின் தொடக்கத்தில். அடியில் சாம்பல் நிற எழுத்தில் போட்டால், படிப்பவர் லிங்க்கைத் தட்டிவிட்டுப் போன பிறகுதான் அது இருக்கிறது என்று அர்த்தம். வீடியோவில் என்றால் வாயால் சொல்லி, திரையிலும் எழுத்தாகக் காட்டுங்கள். இருபது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே பதினேழாவதாக ஒளித்துவைப்பது சொல்லாததற்குச் சமம்.

தமிழில் எழுதுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு: பதிவு முழுக்கத் தமிழ், அறிவிப்பு மட்டும் ஆங்கிலம். பதிவு எந்த மொழியோ, அறிவிப்பும் அந்த மொழிதான். இப்படி எழுதினால் போதும்:

"இந்த லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும். உங்களுக்கு விலை கூடாது."

இரண்டாவது வாக்கியம் உண்மையா என்று பார்த்த பிறகு சேர்க்கவும்.

தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு சிறு வேலை. பணமோ கமிஷனோ தரும் லிங்க்குகளின் HTML குறியீட்டில் rel="sponsored" என்ற குறியைச் சேர்க்க வேண்டும். கூகுள் 2019-ல் கொண்டுவந்தது இது. ஆனால் அது தேடுபொறிக்கான அறிவிப்பு, படிக்கும் மனிதருக்கானது அல்ல. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

3. அனுமதி வாங்கிய பிறகே செய்தி அனுப்புங்கள்

ஆர்டருக்காகக் கொடுத்த எண், ஆர்டருக்கு மட்டும்தான். பார்சல் கிளம்பியது, பார்சல் வந்தது என்று சொல்ல அதைப் பயன்படுத்தலாம். மறுநாள் காலையில் சலுகைச் செய்தி அனுப்ப அது அனுமதி ஆகாது. புதியவர்கள் இங்கேதான் அதிகம் இடறுகிறார்கள், ஏனெனில் கையில் எண் இருப்பதையே உறவு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இமெயிலுக்கு: சலுகைகள் வேண்டுமா என்று கேட்கும் பெட்டியைத் தனியாக வையுங்கள், முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றமே 2019-ல் தீர்ப்பளித்திருக்கிறது. பதிவு செய்தவருக்கு ஒரு உறுதிப்படுத்தும் மெயில் அனுப்பி, அதில் உள்ள லிங்க்கைத் தட்டியவரை மட்டும் பட்டியலில் சேருங்கள். பட்டியல் சிறியதாகும். ஆனால் தவறாகத் தட்டச்சு செய்த முகவரிகளும், யாரோ விளையாட்டாகக் கொடுத்த முகவரிகளும் உள்ளே வராது.

இதில் மரியாதை மட்டுமல்ல, மெயில் போய்ச் சேருமா என்ற கேள்வியும் இருக்கிறது. 2024 பிப்ரவரி முதல், ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்கள் மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சோதனைகளையும் அமைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. விளம்பர மெயிலில் ஒரே தட்டில் விலகும் வசதி இருக்க வேண்டும், விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. கணக்குப் போட்டால், இன்பாக்ஸுக்குப் போன 1,000 மெயிலில் மூன்று பேர் "ஸ்பேம்" என்று தட்டினாலே எல்லையில் நிற்கிறீர்கள். சிறிய பட்டியல் வைத்திருப்பவர்களும் இந்த அளவுகோலிலேயே பழகிக்கொள்வது நல்லது.

விலகும் பொத்தானை மறைப்பது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். உண்மையில் அது கிடைக்காதவர் அடுத்துத் தட்டுவது ஸ்பேம் பொத்தானைத்தான்.

வாட்ஸ்அப்பில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, வாடிக்கையாளர்களைக் கேட்காமல் ஒரு குரூப்பில் சேர்ப்பது. ஒருவருடைய எண்ணை மற்ற எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிடுகிறீர்கள். இரண்டாவது, பிராட்காஸ்ட் பட்டியலை நம்புவது. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்துவைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். பெரிய அளவில் அனுப்ப வாட்ஸ்அப்பின் பிசினஸ் பிளாட்ஃபார்மைப் பயன்படுத்தினால், வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் இயல்பாகப் பேசலாம். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பிடம் முன்பே ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் (மாதிரி) செய்தி மட்டுமே போகும். எனவே வந்த கேள்விக்கு அன்றே பதில் சொல்லிப் பழகுங்கள்.

எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி மெயிலை "சிசி"யில் முந்நூறு பேருக்கு அனுப்பும் பழைய தவறும் இன்னும் சாகவில்லை. மெயில் அனுப்பும் சேவை ஒன்றைப் பயன்படுத்துங்கள். முடியாதென்றால் குறைந்தபட்சம் முகவரிகளை மறைக்கும் "பிசிசி".

4. பதில் நேரத்தை அறிவியுங்கள்

எந்த நாட்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிப் போடுங்கள். இரவு 11 மணிக்குப் பதில் சொல்லும் பழக்கத்தை ஒருமுறை ஏற்படுத்திவிட்டால், மறுநாள் 11 மணிக்குப் பதில் வராதபோது அது அலட்சியமாகத் தெரியும்.

தானியங்கிப் பதிலில் "உங்கள் செய்தி எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்பதை எடுத்துவிட்டு, பயனுள்ள மூன்றை வையுங்கள்: எப்போதுக்குள் மனிதர் ஒருவர் பதில் சொல்வார், அதற்குள் அவர் என்ன அனுப்பிவைத்தால் வேலை சுலபமாகும் (ஆர்டர் எண், சேதத்தின் படம்), உடனடிப் பிரச்சினை என்றால் எங்கே அழைப்பது. இந்த மூன்றும் இருந்தால் அடுத்த நாள் காலையில் "ஆர்டர் எண் சொல்லுங்கள்" என்ற ஒரு சுற்றுப் பேச்சு மிச்சம்.

5. கேட்டதற்குப் பதில், கேட்ட இடத்திலேயே

ஒருவர் பொதுவில் "விலை என்ன?" என்று கேட்கிறார். "இன்பாக்ஸ் பார்க்கவும்" என்று பதில் போகிறது. இணைய விற்பனையில் நம்பிக்கையை இவ்வளவு வேகமாகக் கெடுக்கும் சொற்கள் குறைவு. ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகம் வரும், வந்தால் அதில் நியாயமும் உண்டு. விலையை அங்கேயே எழுதுங்கள். அதே கேள்வியோடு அங்கே வந்து, கேட்காமலே போகிறவர்கள் பல பேர்.

பதிலின் முதல் வரியிலேயே விடை இருக்க வேண்டும். நன்றி, வாழ்த்து, நிறுவன அறிமுகம் எல்லாம் அதற்குப் பிறகு, தேவைப்பட்டால். "இது தண்ணீரில் நனையலாமா?" என்று கேட்டவருக்கு "நனையக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கலாம்" என்பதே முழுப் பதில். "இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் தெளிவாக "இல்லை" சொன்னால் ஒரு விற்பனை போகும், ஒரு ரிட்டர்னும் ஒரு புகாரும் சேர்ந்தே போகும்.

அழைக்கும் முறையில் கொஞ்சம் கவனம். ப்ரொஃபைல் படத்தை வைத்து சார், மேடம் என்று ஊகிக்காதீர்கள், பல பேர் படத்தில் குழந்தையோ பூவோ இருக்கும். பெயரும் "நீங்கள்" என்பதும் எல்லோருக்கும் பொருந்தும். எடுத்த எடுப்பில் "அக்கா", "ப்ரோ", "செல்லம்" என்று தொடங்குவது சிலருக்கு நெருக்கம், பலருக்கு உறுத்தல். அவர் அப்படி அழைத்த பிறகு நீங்கள் அழைக்கலாம். அவர் "நீ" என்று இறங்கினாலும் நீங்கள் "நீங்கள்" என்பதிலிருந்து இறங்காதீர்கள். பின்னால் அந்த உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட் சுற்றினால், படிப்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தயாரித்துவைத்த பதில்களைப் பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் அனுப்பும் முன் ஒரு வரியாவது அவருடைய கேள்வியிலிருந்து எடுத்துச் சேருங்கள். ஒரே பதில் ஐந்து பேருக்கு அடுத்தடுத்து ஒட்டியிருப்பதைப் பார்க்கிறவர், யாரும் தன் கேள்வியைப் படிக்கவில்லை என்றே முடிவு செய்வார்.

6. புகார் வரும்போது

மேலே செய்த எல்லா வேலையும் இந்த இடத்துக்காகத்தான். படிகளை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில், புகாரை இரண்டு முறை படியுங்கள். முதல் வாசிப்பில் திட்டுதான் தெரியும். இரண்டாவதில்தான் பிரச்சினை தெரியும்.

அடுத்து, பதில் எழுதும் முன் பதிவுகளைப் பாருங்கள்: ஆர்டர் தேதி, டிராக்கிங், முந்தைய செய்திகள். பார்க்காமல் "உடனே சரிசெய்கிறோம்" என்று எழுதிவிட்டு, பிறகு அது உங்கள் தவறே இல்லை என்று தெரிந்தால் பின்வாங்க முடியாது. கோபம் வந்திருந்தால் அரை மணி நேரம் விடுங்கள். அதற்கு மேல் விடாதீர்கள். தேவைப்பட்டால் "பார்த்துக்கொண்டிருக்கிறேன், மாலை 5 மணிக்குள் சொல்கிறேன்" என்று ஒரு வரி போடுங்கள். அந்த 5 மணியைக் காப்பாற்றுங்கள், விடை கிடைக்காவிட்டாலும் கிடைக்கவில்லை என்று சொல்ல.

பிறகு பொதுவில் ஒரு சிறு பதில். நான்கு செய்திகள் மட்டும்: என்ன நடந்தது, என்ன செய்யப்போகிறோம், எப்போதுக்குள், மேற்கொண்டு எங்கே பேசலாம்.

இப்படி எழுதாதீர்கள்: "உங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். எங்கள் பொருட்கள் அனைத்தும் உயர்தரமானவை. இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை."

முதல் வாக்கியம் சிரமமே உண்டா என்று சந்தேகிக்கிறது. மூன்றாவது, பிரச்சினை வாங்கியவரிடம்தான் என்கிறது.

இப்படி எழுதுங்கள்: "மூடி உடைந்து வந்திருப்பது படத்தில் தெரிகிறது. பேக்கிங்கில் எங்கள் தவறு, மன்னிக்கவும். புதியது நாளை கிளம்பும், உடைந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டாம். முகவரியை உறுதிசெய்யத் தனிச்செய்தியில் எழுதுகிறேன்."

தனிச்செய்திக்குப் போவது முகவரி, எண், பணம் பற்றிய விவரங்களுக்காக மட்டும். புகாரை மறைப்பதற்காகப் போகிறீர்கள் என்று தோன்றினால் அவர் திரும்பப் பொதுவிலேயே எழுதுவார். பிரச்சினை முடிந்ததும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து ஒரு வரி போடுங்கள்: "புதியது 12-ம் தேதி போய்ச் சேர்ந்துவிட்டது." இந்தக் கடைசி வரியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு இந்த வரி இல்லாவிட்டால், புகார் இன்னும் தீராமல் கிடக்கிறது என்றே தோன்றும்.

வாங்கியவர் சொல்வது தவறு என்றால்? உண்மையை ஒரு முறை, ஆதாரத்தோடு, அடைமொழி இல்லாமல் சொல்லுங்கள். "விதிப் பக்கத்தில் 7 நாள் என்று உள்ளது, இந்த ஆர்டர் 20 நாள் முன்பு வந்து சேர்ந்தது" என்பது போதும். "தெளிவாக எழுதியிருக்கிறோமே, படிக்கவில்லையா?" என்பது வேண்டாம். அவர் மறுத்தால் இரண்டாவது பதில் ஒன்று. மூன்றாவது பதில் எப்போதும் உங்களுக்கு எதிராகவே படிக்கப்படும், அதனால் அதை எழுதவே வேண்டாம்.

எந்த நிலையிலும் செய்யக் கூடாதவை இரண்டு. வாங்கியவரின் எண்ணையோ, முகவரியையோ, தனி உரையாடலையோ உங்கள் நியாயத்தை நிரூபிக்கப் பொதுவில் போடாதீர்கள்: அந்த வழக்கில் நீங்கள் வென்றாலும், பார்க்கும் மற்றவர்கள் "நாளை என்னுடையதையும் போடுவார்" என்றுதான் நினைப்பார்கள். அடுத்தது, ரிவ்யூவை எடுத்தால்தான் ரீஃபண்ட் என்று பேரம் பேசாதீர்கள். எதிர்மறை ரிவ்யூவை நீக்கவோ மாற்றவோ சலுகை தருவதைக் கூகுளின் ரிவ்யூ விதிகளே தடைசெய்கின்றன. பேரம் பேசிய செய்தியின் ஸ்க்ரீன்ஷாட்தான் அடுத்த ரிவ்யூவாக வரும்.

7. ரிவ்யூ கேட்பது

பார்சல் கைக்குப் போன அன்றே கேட்டால் அட்டைப்பெட்டியைப் பற்றித்தான் எழுத முடியும். பொருளைப் பயன்படுத்திப் பார்க்க எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் விட்டுக் கேளுங்கள். ஒரு நினைவூட்டல் போதும், இரண்டாவது தொல்லை.

எல்லோரிடமும் கேளுங்கள். "திருப்தியா?" என்று முதலில் கேட்டு, ஆம் என்றவரை மட்டும் ரிவ்யூ பக்கத்துக்கு அனுப்பும் தந்திரம் பரவலாக இருக்கிறது. கூகுள் அதையும் அனுமதிப்பதில்லை. ஐந்து நட்சத்திரத்துக்குப் பரிசு, உறவினர்களின் ரிவ்யூ, காசுக்கு வாங்கிய ரிவ்யூ எல்லாம் அதே கணக்குதான். அமெரிக்காவில் போலி ரிவ்யூக்களை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் எஃப்டிசி விதி 2024 அக்டோபர் 21 முதல் அமலில் உள்ளது. விதி எட்டாத இடத்திலும் வாசகரின் கண் எட்டும்: ஒரே வாரத்தில் ஒரே நடையில் வந்த இருபது பாராட்டுகளை யாரும் நம்புவதில்லை. நடுநடுவே மூன்று நட்சத்திரங்களும், அவற்றுக்கு நிதானமான பதில்களும் இருக்கும் பக்கம் நம்பும்படி இருக்கும்.

வாடிக்கையாளர் தனிச்செய்தியில் பாராட்டினால், அதைப் பகிரும் முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பெயர், படம், எண் மூன்றையும் மறையுங்கள். எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் மறைத்துவிட்டு விடுவது போதாது.

8. வசை, வம்பு

விமர்சனம், புகார், வசை மூன்றும் வேறு. முதல் இரண்டும் இருக்கும், மூன்றாவது நீக்கப்படும் என்று முன்கூட்டியே ஐந்து வரியில் எழுதிவையுங்கள். ஆளை இழிவுபடுத்துவது, சாதி மத வசை, பிறரின் தனி விவரம், மோசடி லிங்க்: இவற்றை நீக்கலாம். நீக்கும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள், பிறகு "நியாயமான புகாரை அழித்துவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் உதவும்.

வசைக்குள்ளே உண்மையான புகாரும் இருக்கலாம். அப்போது வசையை நீக்கி, புகாருக்குத் தனிச்செய்தியில் பதில் சொல்லுங்கள்.

போட்டியாளரைப் பற்றிக் கேட்டால், "அவர்களுடையதை நான் பயன்படுத்தியதில்லை, எங்களுடையதில் இது இருக்கிறது, இது இல்லை" என்ற அளவோடு நிறுத்துங்கள்.

9. எழுதியதில் தவறு வந்தால்

ஓசைப்படாமல் மாற்றாதீர்கள். எழுத்துப்பிழையைத் திருத்த அறிவிப்பு வேண்டியதில்லை. விலை, அளவு, பாதுகாப்புக் குறிப்பு போன்றவை மாறினால் தேதியுடன் ஒரு வரி சேருங்கள். விலையைக் குறைத்துப் போட்டுவிட்டீர்கள், சிலர் பணமும் கட்டிவிட்டார்கள் என்றால் இரண்டே வழிதான்: அந்த விலைக்கே கொடுங்கள், அல்லது அவர்கள் கேட்கும் முன்பே முழுப் பணத்தையும் திருப்பிவிட்டுச் சொல்லுங்கள். "மீதியைக் கட்டினால் அனுப்புகிறோம்" என்பது தூண்டில் போட்டது போலத்தான் தெரியும்.

10. மாதம் ஒருமுறை ஷீட்டைத் திறங்கள்

தொடக்கத்தில் சொன்ன புகார் ஷீட் இப்போது பயன்படும். ஒரே கேள்வி மூன்று முறைக்கு மேல் வந்திருந்தால், பதில் சொல்வதை வேகப்படுத்த வேண்டாம், பொருள் பக்கத்தைத் திருத்துங்கள். அளவு பற்றிய கேள்வி என்றால் படத்தில் அளவுகோல் இல்லை. "எப்போது வரும்?" என்றால் டிராக்கிங் லிங்க் போய்ச் சேரவில்லை.

பிறகு வேறொரு கணக்கிலிருந்து உங்கள் கடையிலேயே ஒன்றை ஆர்டர் செய்யுங்கள். கேள்வி கேளுங்கள், பதில் எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்று குறியுங்கள், அறிவித்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். மெயில் பட்டியலில் சேர்ந்து, விலகியும் பாருங்கள். விலகிய மூன்றாம் நாளும் சலுகை மெயில் வந்தால், அன்றைய மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.